ராக்காவலும் துபாய்க் கருவியும்

கேள்வி: சங்கரன்கோவிலுக்கு மேற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கிணற்றுப் புஞ்சை. ரெண்டரை ஏக்கரில் மக்காச்சோளம், மீதியில் உளுந்தும் கொஞ்சம் கடலையும். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கிவிடுகிறது. வீட்டுக்காரருக்கு ரெண்டு மாதமாகப் பரணில்தான் படுக்கை. முன்னைப்போல ராத்திரியில் கண் தெரியவில்லை என்கிறார். போன வாரம் வாய்க்கால் கரையில் தடுக்கி விழுந்து முழங்கை பிசகிவிட்டது. துபாயில் வேலை பார்க்கும் மகன், இருட்டில் பார்க்கிற கருவி ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். நம் பணத்தில் அறுபதாயிரமாம். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. கூரியரில் ‘கிஃப்ட்’ என்று எழுதிப் போட்டால் வரியே கிடையாது என்று கடைக்காரர் சொன்னாராம். வாங்கச் சொல்லலாமா? கஸ்டம்ஸ், போலீஸ் என்று ஏதும் தொந்தரவு வருமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: பெயர் போடவில்லை அம்மா. இதே கேள்வியை சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்தில் சிலர் நேரிலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஊர்கள் இவை. ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று பிள்ளைகள் கேட்பது இயல்புதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிப் பேசுமுன் ஒரு வார்த்தை. ராத்திரியில் கண் தெரியவில்லை என்று வீட்டுக்காரர் சொல்வதை, பன்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் வயதை நீங்கள் எழுதவில்லை. ஐம்பதைத் தாண்டியவர் என்றால் முதலில் கண்புரைதான் சந்தேகம். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்க்க வேண்டும். புரை விழுந்த கண்ணுக்கு எந்தக் கருவியை மாட்டினாலும் மங்கலாகத்தான் தெரியும். இலவச கண் பரிசோதனை முகாம் எங்கே, எப்போது என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே கூட்டிப்போங்கள். அவர் திரும்பி வரும் வரைக்கும் பரண் காவலுக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

இனி அந்த ‘கிஃப்ட்’ விஷயம். கடைக்காரர் சொன்னது பழைய கதை. 5,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிசுப்பொருள் அஞ்சலிலும் கூரியரிலும் வரியில்லாமல் வந்த காலம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு இணையக் கடைகள் விற்பனைச் சரக்கையெல்லாம் பரிசு என்று எழுதி அனுப்பத் தொடங்கியதும், 2019 டிசம்பரில் மத்திய அரசு அந்த வழியை அடைத்துவிட்டது. ராக்கிக் கயிறு, உயிர்காக்கும் மருந்து என்று ஒன்றிரண்டுக்குத்தான் விலக்கு. அப்போதும் உச்சவரம்பு ஐயாயிரம்தான். உங்கள் கருவியோ அறுபதாயிரம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கூரியரில் பொருள் வந்தால், சட்டப்படி அதை இறக்குமதி செய்தவர் துபாயில் இருக்கும் மகன் இல்லை; பார்சலில் யார் முகவரி இருக்கிறதோ அவர். கூரியர் கம்பெனி உங்களுக்குத்தான் போன் போட்டு ஆதார் நகல் கேட்கும். பெட்டிமேல் ‘பொம்மை, 500 ரூபாய்’ என்று அங்கே எவனோ எழுதியிருந்தால், அந்தப் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர் சங்கரன்கோவிலில் இருக்கும் நீங்கள் அல்லது உங்கள் வீட்டுக்காரர். சுங்கச் சட்டம் 1962-ன்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம், மேலே அபராதமும் விதிக்கலாம். உண்மை விலையை எழுதி, வரி கட்டி எடுப்பதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர்காரர் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அறுபதாயிரம் அறுபதாயிரமாக நிற்காது.

மகன் ஊருக்கு வரும்போது தன் பையிலேயே கொண்டுவருவதுதான் நேரான வழி. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி கொண்டுவரும் சாமான்களுக்கு வரியில்லா வரம்பு ஒன்று உண்டு. 2016-ம் ஆண்டு விதிகளில் அதை 50,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி. இந்த வரம்பும் வரி விகிதமும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியவை. அதனால் டிக்கெட் போடும் சமயத்தில் சுங்கத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரம்பு என்பது பையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். தங்கைக்கு வாங்கிய போனும், மாமாவுக்கு வாங்கிய வாட்சும் அதே கணக்கில் வரும். கூட வரும் நண்பனுடைய வரம்பைக் கடன் வாங்கிச் சேர்த்துக்கொள்ள முடியாது. தன் பெயரில் ரசீது வாங்கி, வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்டிய சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் போடச் சொல்லுங்கள். உதிரி பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் வைக்க விமானக் கம்பெனிகள் விடுவதில்லை.

இன்னொன்றையும் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். “இதையும் ஊர்ல குடுத்துடு” என்று அறையில் கூட இருப்பவர் இதே மாதிரி ஒரு பெட்டியைக் கொடுத்தால் வாங்கவே கூடாது. யார் பையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பொறுப்பு. பாஸ்போர்ட்டும் வேலையும் போனால் எத்தனை மக்காச்சோளம் விளைந்தும் ஈடு செய்ய முடியாது.

ஒரு தூரக்கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். ‘நைட் விஷன்’ என்கிற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் விற்கின்றன.

முதல் வகை டிஜிட்டல். ராத்திரியில் நம் தெருமுனை சி.சி.டி.வி. கேமரா எப்படிப் பார்க்கிறதோ அதே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்றை அதுவே அடித்து, திரும்பி வரும் ஒளியைக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டும். விளக்கு எட்டும் தூரம்தான் பார்வை எட்டும் தூரம். பெட்டியில் 400 மீட்டர், 500 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 100, 150 மீட்டரில் பன்றியா நாயா என்று தெரிந்தாலே நல்ல கருவி.

இரண்டாவது, நட்சத்திர வெளிச்சத்தை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டும் குழாய் வைத்தது. பச்சையாகத் தெரியும், சினிமாவில் ராணுவ வீரர் தலையில் மாட்டியிருப்பாரே, அது. நல்லது லட்சக்கணக்கில் விலை. உலகம் முழுக்கக் கட்டுப்பாடு இருப்பது முக்கியமாக இதற்குத்தான்.

மூன்றாவது, உடல் சூட்டைப் பார்க்கும் தெர்மல் கருவி. வெளிச்சமே வேண்டாம். பன்றி சூடாக இருப்பதால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

இவை வெறும் வேட்டைச் சாமானோ விளையாட்டுச் சாமானோ இல்லை, போர்ச் சாமானும்கூட. அமெரிக்காவில் ஐ.டி.டி. என்ற பெரிய கம்பெனி, இரவில் பார்க்கும் கருவித் தொழில்நுட்பத்தை அனுமதியில்லாமல் வெளிநாடுகளுக்கு அனுப்பியதற்காக 2007-ல் 10 கோடி டாலர் தண்டம் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, விடுதலைப் புலிகளுக்கு ஏவுகணை, இயந்திரத் துப்பாக்கிகளோடு இரவுக் கண்ணாடிகளும் வாங்க முயன்றதாகச் சிலரை அமெரிக்கா கைது செய்தது. இப்படிப்பட்ட பட்டியலில் இருக்கும் பொருளாயிற்றே, பன்றி விரட்ட வாங்கினாலும் சுங்க அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை பெட்டியைத் திருப்பிப் பார்க்கத்தான் செய்வார். ராணுவத்துக்கும் பயன்படும் பொருள்களை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்த வாசனார் உடன்பாடு என்று ஒன்று இருக்கிறது. 2017 டிசம்பரில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. கட்டுப்பாட்டின் முக்கிய பாரம் அனுப்பும் நாட்டின் பக்கம் விழுகிறது. ஆகவே ஒரு நாட்டுக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதால், அந்த நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். தெர்மல் கருவிப் பெட்டிகளில் பலவற்றில் ‘9 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். நொடிக்கு ஒன்பது படம் மட்டும் காட்டினால் கட்டுப்பாடு தளர்வு என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஓடும் பன்றி கொஞ்சம் திக்கித் திக்கித் தெரியும், அவ்வளவுதான்.

ரிப்பேர் என்று வந்தாலும் இதே சிக்கல். இங்கே பழுதானால், துபாய் கடைக்குத் திருப்பி அனுப்புவது நம் நாட்டுக் கணக்கில் ஏற்றுமதி. கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும் மாடல் என்றால் அதற்கும் அனுமதி கேட்க வேண்டிவரும். வாரண்டி அட்டை அங்கே செல்லும், சங்கரன்கோவிலில் செல்லாது. உள்ளூரில் பில்லோடு, சர்வீஸோடு விற்கும் டிஜிட்டல் வகை இருக்கும்போது, அதே வகையைக் கடல் கடந்து வாங்கிவர எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, எந்த வழியிலோ முறையாக வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் அது என்ன செய்யும்? மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் இரண்டு வகையையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆள் உயரத்துக்குப் பயிர் நிற்கும்போது, டிஜிட்டல் கருவி அடிக்கும் விளக்கு முன்வரிசைத் தோகையிலேயே பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளை வெளேர் என்றாகிவிட்டது. பத்தடிக்கு உள்ளே பன்றி மென்று தின்னும் சத்தம் காதில் கேட்கிறது, கருவியில் ஒன்றுமில்லை. தெர்மல் பரவாயில்லை, தோகை விலகும் இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு தெரிந்தது. ஆனால் அடர்ந்த பயிரை அதுவும் ஊடுருவாது. நம் ஊர் வெயிலுக்குப் பாறையும் கிணற்றுச் சுவரும் முன்னிரவு வரை சூடு ஆறாமல் கிடப்பதால் அவையும் வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றின. மழை பெய்த ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் தெளிவு. கடலைக் காடு, உளுந்துக் காடு, எலுமிச்சைத் தோப்பு மாதிரி திறந்த இடம் என்றால் இரண்டுமே நன்றாக வேலை செய்யும். உங்களுக்குச் சேதம் மக்காச்சோளத்தில்.

கருவி பன்றியைக் காட்டும், விரட்டாது. காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் கூர்மை. பால் பிடித்த கதிரின் வாசம்தான் அதை இழுத்து வருகிறது. நம் செலவும் அதன் மூக்கைக் குறிவைத்து இருக்க வேண்டும். வரப்பை ஒட்டி நாலு வரிசை ஆமணக்கு நெருக்கமாகப் போடுவது எனக்கு எப்போதும் பிடித்த முறை. பன்றி ஆமணக்கைத் தின்னாது, அதன் வாடை கதிர் வாசத்தையும் மறைக்கும். மக்காச்சோளத்துக்கு முன்னாலேயே விதைத்து வளர்த்துவிட வேண்டும். பயிர் இடுப்புயரம் வந்தபிறகு ஆமணக்கு விதையைத் தேடிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. சலூனில் சேரும் முடியை வரப்பு ஓரம் தூவுவதும், கெட்ட வாடை விரட்டிகளைக் கட்டித் தொங்கவிடுவதும் பலன் தரும். ஒரே முறையை மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் பன்றி பழகிவிடும், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பழைய புத்தகங்களில் ஃபோரேட் குருணையை மணலில் கலந்து பொட்டலம் கட்டச் சொல்லியிருக்கும். ஃபோரேட் 2020 கடைசியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. மிச்சம் மீதி இருந்தாலும் தொடாதீர்கள்.

நிலையான தீர்வு சூரியசக்தி மின்வேலி. வேளாண் பொறியியல் துறை மானியம் கொடுக்கிறது. விகிதமும் இந்த ஆண்டு ஒதுக்கீடும் உங்கள் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் தெரியும். உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தால், 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். கரண்ட் கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேரடியாகக் கம்பியில் மின்சாரம் விடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பன்றியைவிட முதலில் சிக்குவது ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். அந்த வழக்கில் தப்பிக்க வழியும் இல்லை.

மகன் ஏதாவது வாங்கித்தந்தே தீருவேன் என்றால், டிரெயில் கேமரா ஒன்று வாங்கச் சொல்லுங்கள். வனத்துறை காட்டில் மரத்தில் கட்டிவைக்கிறதே, அதே வகை. சில ஆயிரம் ரூபாயில் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. வரப்பில் ஒரு கம்பத்தில் கட்டிவிட்டால், பன்றி எந்த மூலையில், எத்தனை மணிக்கு, எத்தனை உருப்படி நுழைகிறது என்று தேதியோடு படம் விழும். ரெண்டு மாதம் விழித்திருந்து தெரிந்துகொள்வதை ரெண்டு ராத்திரியில் தெரிந்துகொள்ளலாம். நுழைகிற மூலையில் மட்டும் வேலையைப் பலப்படுத்தலாம். பயிர்ச்சேத நிவாரணத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போது, அடங்கலோடு அந்தப் படத்தையும் வைத்தால், நாய் தின்றதா மாடு தின்றதா என்ற பேச்சுக்கு இடமில்லை.

கணக்கும் போட்டுவிடுவோம். 2025-26-க்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அறுபதாயிரம் என்பது 25 குவிண்டால். கிட்டத்தட்ட உங்கள் ஒரு ஏக்கர் விளைச்சல். அந்தப் பணத்தை மின்வேலியில் உங்கள் பங்காகப் போட்டு, அக்கம்பக்கத்து நாலு தோட்டத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால், பன்றி ஒரு தோட்டத்தைவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகிற கதையும் குறையும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் துபாய்க் கருவியை வாங்கச் சொல்லமாட்டேன்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர், தெர்மல் கேமரா வைத்த ட்ரோன் ஒன்றும், காவலுக்கு இரண்டு வாக்கி டாக்கியும் கொண்டுவருகிறேன் என்கிறார். அனுமதி உண்டா? (கடையநல்லூர் பக்கம்)

பதில்: ட்ரோன் கூடாது. முழுதாகச் செய்த வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு வேலைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு. பையில் கண்டால் எடுத்துக்கொள்வார்கள். தேவையென்றால் இங்கே தயாராகும் ட்ரோனை வாடகைக்கு எடுங்கள்; காப்புக்காட்டுக்கு மேல் மட்டும் வனத்துறை அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. வாக்கி டாக்கிக்கு அலைவரிசை உரிமமும், கருவிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதலும் பார்ப்பார்கள். வெளிநாட்டு அலைவரிசையில் ஓடும் செட் இங்கே வேறு துறையின் பேச்சில் குறுக்கே போய் விழும். மைத்துனர் சாட்டிலைட் போன் என்று ஏதாவது சொன்னால் அதையும் அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் கொண்டுவந்து விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பரணுக்குப் பரண் பேச செல்போன் போதும்.

கேள்வி: ஏர்கன்னில் மாட்டுகிற நைட் ஸ்கோப் வாங்கினால் ஒரே அடியில் முடிந்துவிடுமே? இப்போதுதான் பன்றியைச் சுட அரசே உத்தரவு போட்டுவிட்டதாமே? (குருவிகுளம் ஒன்றியம்)

பதில்: உத்தரவு வந்தது உண்மை, உங்களுக்கு வந்ததல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளாவில் உள்ளாட்சித் தலைவரே அனுமதி தருகிறார் என்பதும் நம் பக்கம் செல்லாது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் சுட்டால் அது வேட்டை. துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப் என்று பெட்டியில் எழுதியிருந்தால் சுங்கத்திலேயே கேள்வி வேறு மாதிரி வரும். ஏர்கன் குண்டு பன்றியைக் கொல்லவும் செய்யாது. காயம்பட்ட பன்றி திரும்பி வந்தால் பரண்கால் தாங்காது. அவுட்டுக்காய் வைப்பதைப் பற்றி எழுதியிருந்த வரியை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றால், ஊராட்சி அளவில் கிராம நிர்வாக அலுவலர், வனவர், ஊராட்சித் தலைவர் அடங்கிய குழுவுக்கு மனு எழுதுங்கள். சர்வே எண், பயிர், எத்தனை நாளாகச் சேதம், எத்தனை பன்றி என்று குறிப்பிட்டு, முடிந்தால் படத்தோடு, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.